மணமேடையில் படுத்திருந்த எகிப்துக்காரர்

"ஏண்டா, பொண்ணு மாப்ளை உக்கார்ற எடத்துல யாருடா படுத்துக்கினு இருக்கிறது?"

மாப்பிள்ளை வீட்டுப் பச்சையம்மா அத்தை இப்படிக் கேட்டது என் அக்கா கல்யாணத்துக்காக நாங்கள் பிடித்து வைத்திருந்த மண்டபத்தில். படுத்திருந்தவர் எகிப்து தேசத்து மம்மி. ஜிகினாவில் 'நல்வரவு' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே, மணமேடையில், கண்ணாடிப் பெட்டிக்குள் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எந்த மாப்பிள்ளையும் அந்த மேடையில் அவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

"டெக்கரேஷன் அத்தை" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மம்மியைப் பார்த்தார். இரண்டு பேரில் யார் அதிகம் கெட்டுப்போனவர் என்று யோசிப்பது போலிருந்தது.

மேலே போவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வாரக் கதையை அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுது. என் வயச மட்டும் எழுதாத" என்றார். எழுதவில்லை.

ஆடி மாதத்துக் குடித்தனக்காரர்

ஆடி மாதம் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. அதனால் மண்டபத்துக்காரர்கள் எல்லாம் ஆடியில் ஈ ஓட்டுவார்கள். எங்கள் மண்டபத்துக்காரர் கொஞ்சம் கெட்டிக்காரர். ஈ ஓட்டுவதைவிட எதையாவது வாடகைக்கு விடலாம் என்பது அவர் கொள்கை. ஒரு ஆடியில் தள்ளுபடி சேலை, இன்னொரு ஆடியில் பிளாஸ்டிக் பக்கெட். இந்த ஆடியில் எகிப்து.

எகிப்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் பெயர் ஜெயசீலன். மெட்ராஸ்காரர். தன்னை 'டைரக்டர்' என்று சொல்லிக்கொள்வார். இதற்கு முன் அவர் டைரக்ட் செய்தவை: பொருட்காட்சியில் மரணக் கிணறு, அதற்குப் பிறகு கடல்கன்னி. வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார். 'பழங்கால எகிப்து அருங்காட்சியகம். அசல் ராஜாவின் அசல் உடல்.' அசல் என்ற வார்த்தை இரண்டு தடவை வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆட்டோவுக்கு அசல் உதிரிப் பாகம் வாங்கிய அனுபவம்.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தை நம்பித்தான் அவர் வந்திருந்தார். கணக்கு தப்பவில்லை. மலையைச் சுற்றிவிட்டு வருகிறவனுக்குக் கால் விட்டுப்போயிருக்கும். மின்விசிறி எங்கே ஓடுகிறதோ அங்கே போய் விழுவான். பாதிப் பேர் மின்விசிறிக்காக டிக்கெட் வாங்கி, ராஜா காலடியில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

நான் செங்கம் ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறேன். வெளிநாட்டுச் சவாரிகளை அங்கே கொண்டுபோய் இறக்கினால் டைரக்டர் டீ வாங்கித் தருவார். ஒரு வெள்ளைக்கார அம்மா மம்மிக்கு எதிரில் சம்மணம் போட்டு வெகுநேரம் தியானம் செய்துவிட்டு, "ரொம்ப நல்ல மௌனம்" என்று என்னிடம் சொன்னார். இருக்காதா பின்னே? அவர் பேசியிருந்தால் அல்லவா ஆச்சரியம்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து அந்தப் போன் வருகிறவரை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம் வரை

மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர். மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை மாமா, நிலக்கடலை வியாபாரம். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். வளர்த்தது ஏழுமலை மாமாவின் அக்கா, பச்சையம்மா அத்தை. அந்த வீட்டில் அத்தை தலையாட்டாமல் ஒரு செம்பு கூட இடம் மாறாது. மாப்பிள்ளையும் அப்படித்தான், அத்தை சொல்லாமல் மீசைகூட வைக்க மாட்டார். ஊரே அவரை அத்தை என்று கூப்பிட்டதால் நானும் அத்தை என்றே கூப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கிய பிறகு மாமா போன் செய்தார். "தம்பி, மண்டபத்த ஒரு பார்வை பாத்துட்டு அப்புறம் வூட்டுக்கு வரோம். வண்டி எடுத்துனு வா."

நான் வண்டியை எடுத்தேன். திசையை மாற்றப் பார்த்தேன்.

"மொதல்ல டிபன் சாப்பிடலாம் மாமா."

"சாப்ட்டுட்டுதான் பஸ் ஏறினோம்" என்றார் அத்தை.

"அப்ப கோயிலுக்குப் போய்ட்டு..."

"மதியானம் நடை சாத்தி இருக்கும். நீ இந்த ஊர்க்காரன் தான?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குது அத்தை. சாயந்தரம் பாத்தா மண்டபம் லைட்டு போட்டு அழகா இருக்கும்."

"தம்பி" என்றார் அத்தை, "நேரா போ."

போனேன்.

பந்தியில் குடல், பரிசு மேசையில் பொம்மை

டைரக்டருக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்ததும் குஷி வந்துவிட்டது. டிக்கெட்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, தானே குச்சியோடு முன்னால் நடந்தார். நான் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், கடைசியில் நாக்கைக்கூடக் கடித்துக் காட்டினேன். ஒன்றும் ஏறவில்லை.

மண்டபத்தில் எது எது எங்கே நடக்குமோ, அங்கெல்லாம் எகிப்து இருந்தது.

சாப்பாட்டு ஹாலில், பந்தி போடும் மேசையில், நாலு ஜாடிகள். மூடியில் நாய்த் தலை, குரங்குத் தலை, பருந்துத் தலை, மனுஷன் தலை.

"ஊறுகாவா?" என்றார் ஏழுமலை மாமா.

"இல்ல சார். செத்தவரோட ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல். தனித்தனியா எடுத்து பத்திரமா வெச்சுடுவாங்க."

"சோறு போடற எடத்துல குடலு" என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. மனதுக்குள் எழுதிக்கொள்வதுபோல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மொய் எழுதும் மேசையில் ஒரு தராசு. டைரக்டர் குச்சியால் தட்டினார். "செத்தவரோட இருதயத்த ஒரு தட்டுல வெப்பாங்க. இன்னொரு தட்டுல ஒரே ஒரு இறகு. இருதயம் கனமா இருந்திச்சுன்னா, முதலை மூஞ்சி வெச்ச ஒரு பூதம் நிக்கும் பாருங்க, அது அப்பிடியே தின்னுடும்."

மாமா குனிந்து தராசைப் பார்த்தார். "தட்டு எடப்பக்கம் சாயுது. இதுல கடல போட்டா நான் தெருவுக்கு வந்துடுவேன்."

பரிசுப் பொருள் வாங்கும் இடத்தில் வரிசையாகக் குட்டிப் பொம்மைகள். கையில் மண்வெட்டி. செத்தவருக்கு மேல் உலகத்தில் வயல் வேலை வந்தால் இந்தப் பொம்மைகள் அவருக்குப் பதிலாகப் போய்ச் செய்யுமாம்.

"செத்தப்புறமும் வயக்காடா?" என்றார் அத்தை.

"உயிரோட இருக்கும்போதே நமக்கு ஆளு கெடைக்கல. இவனுக்குப் பாரு" என்றார் மாமா. அவர் முகத்தில் உண்மையான பொறாமை தெரிந்தது.

மாப்பிள்ளை அறையில் துணி சுற்றிய பூனை. மணமகள் அறையில் ஒரு ராணி, பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தாள். சுவரில் தொங்கிய படங்களில் எல்லாருமே பக்கவாட்டில்தான் நடந்தார்கள். கல்யாண வீட்டில் பிடிக்காத சொந்தக்காரர் எதிரே வந்தால் நாம் நடப்போமே, அதே மாதிரி.

அப்புறம்தான் மணமேடை. அத்தையின் கேள்வி. என் டெக்கரேஷன் பதில்.

மணல் காட்டிலிருந்து வந்தவர்

"டெக்கரேஷனா?" டைரக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அசல் பாடிம்மா! எகிப்து பாலைவனத்துல இருந்து வந்தது!"

"பாலைவனமா?"

"ஆமாம்மா. மணல் காடு. சுத்துப்பட்டு ஒரு மரம் கிடையாது, தண்ணி கிடையாது. அங்கதான் பொதச்சு வெச்சிருந்தாங்க."

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால்பக்கத்துக் கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். அத்தை அட்டையைத் தள்ளிவிட்டுக் கையை உள்ளே விட்டுவிட்டார்.

"தொடக் கூடாதும்மா!" டைரக்டர் ஓடினார்.

அத்தை கையை எடுத்துக்கொண்டார். அங்கேயே கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அருவருப்பு இல்லை. வேறு என்னவோ இருந்தது. எனக்குப் புரியவில்லை.

"இவருக்குக் காரியம் பண்ணாங்களா?" என்று கேட்டார்.

"என்ன காரியம்மா?"

"கருமாதி. மொட்ட போட்டு, தண்ணி வார்த்து, பிண்டம் வெச்சு."

டைரக்டர் என்னைப் பார்த்தார். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் விட்டவர். இப்படி ஒரு கேள்வியை வாழ்நாளில் சந்தித்ததில்லை.

"அது வந்து... அவங்க ஊர் வழக்கப்படி ஏதாவது..."

"பண்ணல" என்று அத்தையே முடித்துவிட்டார். தம்பி பக்கம் திரும்பினார். "ஏழுமல, காரியம் ஆகாத பொணம் கெடக்குற எடம் இது. இந்த மேடையில நம்ம பையன் தாலி கட்ட மாட்டான்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்கள்.

வீட்டில் நடந்த எழவு

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு ஊரில் வேறு மண்டபம் கிடையாது. நாய் கட்டுகிற இடத்தில்கூட அன்றைக்கு ஒரு கல்யாணம் இருந்தது. தேதியைத் தள்ளலாமா என்றால், எங்கள் பக்கத்தில் தள்ளிய கல்யாணம் தானாகவே நகர்ந்து இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். சகுனம் சரியில்லை என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும்.

அம்மா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்பா மண்டபத்துக்காரரைத் திட்டப் போய், அவரோடு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அக்காதான் பயங்கரம். அவளும் மாப்பிள்ளையும் போனில் பேசிப் பேசி, பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"எல்லா ஆட்டோக்காரனும் சவாரிய லாட்ஜுல எறக்குறான்" என்றாள். "நீ என் மாமியார் வூட்டப் பொணத்துக்கு முன்னாடி எறக்கி இருக்கிற."

"நேரா போன்னு சொன்னாங்க."

"இந்தக் கல்யாணம் நிக்கட்டும், உன் ஆட்டோவ கொளுத்தி அதுலயே உன்ன வெக்கிறேன். உனக்குக் கருமாதி கூட கெடையாது."

எங்கள் வீட்டில் பாசத்தை இப்படித்தான் காட்டுவோம்.

டைரக்டரின் ரகசியம்

நான் மண்டபத்துக்குப் போனேன். டைரக்டர் பந்தி மேசையில், குடல் ஜாடியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும்படி கேட்டேன். முடியாது என்றார். அப்படியானால் அசல் பிணத்தை அனுமதி இல்லாமல் மண்டபத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று போலீஸில் சொல்லப்போகிறேன் என்றேன்.

பரோட்டா பாதியில் நின்றது.

"கதவ சாத்து" என்றார்.

சாத்தினேன். மேடைக்கு வந்து பெட்டியைத் திறந்தார். மம்மியை ஒருக்களித்துப் புரட்டினார். அவ்வளவு பெரிய ராஜா, காலி தண்ணீர் டேங்க் மாதிரி சுலபமாகப் புரண்டார். இடுப்புக்குக் கீழே துணியை விலக்கினார். உள்ளே பச்சையும் நீலமுமாகச் செதில்.

"இன்னா சார் இது?"

"ஃபைபர்" என்றார் பரிதாபமாக. "போன வருஷம் இது கடல்கன்னிப்பா. வால் நுனியில விரிசல் விட்டுடுச்சு. அறுத்துட்டு, கால் ஒட்டி, துணி சுத்திட்டேன். மூஞ்சிக்குக் களிமண்ணு, அதுக்கு மேல டீத்தூள் தண்ணி."

"அப்ப ராஜா?"

"ராணின்னு கூட வெச்சுக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் பிழைத்துவிட்டது. பிணமே இல்லாத இடத்தில் தீட்டு எங்கே இருந்து வரும்? செதிலை என் போனில் படம் பிடித்துக்கொண்டேன். டைரக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியில் சொல்லிவிடாதே, இந்த ஆடி போகட்டும் என்று கெஞ்சினார். மாப்பிள்ளை வீட்டில் ஒருவரிடம் மட்டும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கடலைக் களத்தில்

கீழ்பென்னாத்தூருக்கு ஆட்டோவிலேயே போனேன். வழியெல்லாம் ஒத்திகை. முதலில் படத்தைக் காட்டுவதா, முதலில் சிரிப்பதா?

அத்தை வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். கொல்லைச் சுவர் நிழலில் உட்கார்ந்தேன். ஈரமண் வாசனையோடு பச்சைக் கடலையை ஒரு கை அள்ளி என் மடியில் போட்டார். நான் போனில் படத்தை எடுத்து நீட்டினேன்.

"அத்த, ஒரு நல்ல சேதி. அந்தப் பொணம்..."

"பொம்மை" என்றார்.

உடைத்த கடலையைக் கீழே போட்டுவிட்டேன்.

"கையில தட்டினேன் இல்ல? டொக்குனு சத்தம் வந்திச்சு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுற பொம்மை மாதிரி. இதுக்கா ஆட்டோவுக்கு பெட்ரோல் போட்டுனு வந்த?"

"அப்ப எதுக்கு அத்த... மண்டபம் வேணாம்னு..."

அத்தை கடலையைக் காலால் பரப்பிவிட்டுக்கொண்டே பேசினார். நிற்கவே இல்லை. நின்றால் பேச்சு நின்றுவிடும் என்பதுபோல்.

அவர் வீட்டுக்காரர் சவுதிக்கு ஆடு மேய்க்கப் போனவர். பிள்ளை குட்டி இல்லை. ரெண்டு வருஷத்தில் வந்து ஒரு கறவை மாடு வாங்கலாம் என்று பேச்சு. ஒருநாள் யாரோ போன் செய்து, ஆள் போய்விட்டார், இங்கேயே மணலில் புதைத்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வந்தது. ஒரு சட்டைகூட வரவில்லை.

"காரியம் பண்ணணும்னேன். அவரு பங்காளிங்க, ஒடம்பப் பாக்காம எப்பிடிப் பண்றதுன்னாங்க. தப்பான சேதியா இருந்தா பாவம்னாங்க. எந் தம்பியும் ஆமான்னுட்டான். அடுத்த வருஷம் கேட்டேன். அதுக்கு அடுத்த வருஷம் கேட்டேன். 'வுடு பச்ச'ன்னாங்க."

"மாமா கூடவா?"

"அவன் நல்லவன்தான். கெட்டவனா இருந்தா சண்ட போட்டு பண்ண வெச்சிருப்பேன்." கடலைக் கொடி ஒன்றை எடுத்து உதறினார். "எனக்கு மனசு ஆறலன்னு சொன்னா ஒருத்தனும் அசைய மாட்டேங்கறான். கல்யாணத்துக்குத் தடங்கல்னு சொல்லிப் பாரு, எல்லாம் ஓடி வருவான். ஒடம்பு கேட்டாங்க இல்ல? அதான் அந்தப் பெட்டியில இருக்குதே, ஒடம்பு. மணல் காட்டுல இருந்து வந்ததுன்னு உங்க டைரக்டரே சொன்னான்."

நான் ஊரையே கேலி பண்ணுகிறவன். இந்த அம்மா ஒரு கடல்கன்னியை வைத்து ரெண்டு ஊரையும் ஆட்டிவைக்கப் போகிறார்.

"சரி அத்த, நான் இன்னா பண்ணணும்?"

"மொதல்ல அத்தன்னு கூப்புடறத நிறுத்து. மொற தப்பு. ஏழுமல உனக்கு மாமன் மொறன்னா, அவங்கூடப் பொறந்தவ உனக்கு இன்னா ஆவணும்?"

யோசித்தேன். பிளஸ் டூவில் கோட்டை விட்ட கணக்கைவிட இது கஷ்டம். அம்மாவோட அண்ணன் தம்பி மாமன். மாமனோட அக்கா...

"பெரிம்மா?"

"ம். அவரு?"

"பெரிப்பா."

"இந்தக் கல்யாணம் பேசினதுல இருந்து இதான் என் மண்டையில ஓடிக்கினு இருக்குது" என்றார். "எந் தம்பி பையன் எனக்கு மருமகன் மொற. புள்ள மொறையில எனக்கு ஒருத்தனும் இல்லாம இருந்திச்சு. இப்பதான் ஒருத்தன் வரான்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டோ ஓட்டறவன்தான். பரவால்ல."

பிறகு சொன்னார்: "அந்தப் போட்டோவ அழிச்சுடு."

அவர் எதிரிலேயே அழித்தேன். படிக்கிற கண்ணாடி அவர் கையில் இல்லாததால், எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று என்னையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

எகிப்துக்காரருக்கு மொட்டை

மறுநாள் பெரியம்மாவிடமிருந்து தீர்ப்பு வந்தது. மண்டபத்தில் கிடக்கிறவருக்கு முறைப்படி காரியம் செய்தால் தீட்டுப் போய்விடும், கல்யாணம் அங்கேயே நடக்கலாம். மண்டபம் எடுத்தவர்கள் பெண் வீட்டார், அதனால் பெண் வீட்டுப் பையன்தான் உட்கார வேண்டும். மொட்டை கட்டாயம்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர் சொன்ன மாதிரியே.

அம்மா மட்டும் முனகினார். "கல்யாண வூட்டுல மொட்டத் தலையோட நிப்பானா?"

"திருப்பதிக்குப் போய்ட்டு வந்தா நிக்கல?" என்றார் பெரியம்மா. திருப்பதியை எதிர்த்து யார் பேசுவார்கள்?

அக்கா மட்டும் சந்தோஷத்தில் எனக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தாள்.

டைரக்டர் தன் பங்குக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். காரியத்தில் பெயர் கேட்பார்கள் அல்லவா? அரை முழம் நீளம். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு உச்சரிக்க வேண்டிய பெயர். சமர்த்தாக நானும் இரவெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

ஏரிக்கரையில் கூடினோம். எதிரே மலை, உச்சியில் மட்டும் கொஞ்சம் மேகம். கத்தி தலையில் இறங்கும்போது ஒரு குளிர். மீசை போனபோது ஒரு பெரிய குளிர். தண்ணீரில் என் முகத்தைப் பார்த்தேன். உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. ஏழுமலை மாமா குடை பிடித்துக்கொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் தூரத்தில் நின்று என்னைப் பார்த்து நாகரிகமாகச் சிரித்தார்கள். ஒருத்தன், 'எகிப்துக்காரன் சொத்துல பங்கு வாங்கிடு மச்சான்' என்று கத்தினான். சாதாரணமாக நான் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

வாழை இலையில் பச்சரிசிச் சோற்றை உருட்டி வைத்தார் புரோகிதர். முழங்கால் தண்ணீரில் நின்ற என் கையில் எள்ளைக் கொட்டினார். தண்ணீர்ச் சொம்பை எடுத்தார்.

"செத்தவங்க பேரு?"

நான் அரை முழப் பெயருக்காக வாயைத் திறந்தேன்.

"கோவிந்தசாமி."

பின்னாலிருந்து வந்தது குரல். புரோகிதர் நிமிர்ந்து பார்த்தார். பெரியம்மா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள்.

"கோவிந்தசாமி" என்றார் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக. "ராமசாமி மகன் கோவிந்தசாமி."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஏழுமலை மாமா தன் அக்காவைப் பார்த்தார். குடையை மடக்கிக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு இன்னா வேணும் அவரு?" என்று புரோகிதர் என்னைக் கேட்டார்.

"பெரிப்பா" என்றேன்.

மாமா புரோகிதர் கையிலிருந்து சொம்பை வாங்கி என் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றினார். பாதி என் முழங்கையில் வழிந்தது. எள்ளும் தண்ணீருமாக மூன்று முறை விட்டேன். பெரியம்மா அழுதார். சத்தம் போட்டு, ஒளிக்காமல், சாவு வீட்டில் முதல் நாள் அழுவதுபோல் அழுதார்.

எல்லாம் முடிந்து கரையேறியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் அம்மாவிடம் சொன்னார்: "மண்டபம் சுத்தம் ஆயிடுச்சு. முகூர்த்தத்த அங்கயே வெச்சுக்கலாம்."

அந்த நேரத்தில் எகிப்துக்காரர் மணமேடையில், மின்விசிறிக்குக் கீழே, டிக்கெட் வாங்கியவர்களுக்காகக் கால் இரண்டையும் சேர்த்துப் படுத்திருந்தார். அவருக்காக அன்றைக்கு யாரும் எதுவும் செய்யவில்லை.